கடைசி வட்டையில் இரண்டு சந்தேகநபர்கள்

எங்கள் குடும்பத்தில் பொலிஸ் வாகனத்தில் ஏறிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் என் மனைவி இராசாத்தி. இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைக்கிறேன்.

எல்லாம் ஒரு தயிர்ச்சட்டியில் தொடங்கியது. மாடு களவெடுத்த வழக்கில் விளக்கமறியலில் இருந்த இரண்டு பேரை நீதிமன்றத்திலிருந்து ஏற்றிவந்த வாகனம், வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு தயிர்க்கடையில் நின்றது. காவலுக்கு வந்த நான்கு பேரும் இறங்கினார்கள். நல்ல தயிரைத் தெரிந்தெடுப்பதற்கு நேரம் எடுக்கும். திரும்பி வந்தபோது வாகனத்துக்குள் ஆள் இல்லை. கதவு மட்டும் ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

மறுநாள் ஊடக அறிக்கை வந்தது. “சந்தேகநபர்கள் தப்பிச் சென்றதாகப் பரவும் செய்தியில் உண்மை இல்லை. அவர்கள் வாகனத்தில் தொடர்ந்து சமூகமளிக்கத் தவறியுள்ளனர்.”

ஐந்தாம் நாள் ‘வனப்பிரதேச விசேட தேடுதல் ஒருங்கிணைப்பு மையம்’ திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாட்களில் தேடுதல் நடக்கவில்லை. மையம் திறக்காமல் தேடினால் அது தனியார் தேடுதலாகிவிடும் என்று விளக்கம் தரப்பட்டது. பழைய நெற்களஞ்சியம் ஒன்றுக்கு வெள்ளை அடித்து, வாழை கட்டி, குத்துவிளக்கு ஏற்றினார்கள். திரிகள் ஐந்து, ஏற்ற வந்த பிரமுகர்கள் ஒன்பது பேர். அதனால் இரண்டாவது குத்துவிளக்கு எடுத்துவரும்வரை கைதிகள் காட்டுக்குள் மேலும் ஒரு மணித்தியாலம் நடந்திருப்பார்கள்.

இவையெல்லாம் எனக்குச் சம்பந்தம் இல்லாத விடயங்கள். எனக்கு என் பாடு.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்தால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெற்றவர்கள் வெளிக்கிட வேண்டும். என் மகள் கம்சாயினிக்கும் தேற்றாத்தீவு உதயரூபனுக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னர் கலியாணம் நடந்தது. நாலறை வீடு, கிணறு, கிணற்றடிக் கமுகு உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தேன். கலியாணப் பேச்சில் சம்பந்தி ஞானமுத்து மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“மறுகா நீங்க ரெண்டு பேரும் எங்க இரிப்பீங்க?”

“குருக்கள்மடத்தில எங்கட புது வீடு இரிக்கி” என்று நானும் மரியாதைக்குச் சொன்னேன்.

அது பொய் இல்லை. குருக்கள்மடத்தில் வீடு இருக்கிறது. ஜன்னல் மட்டத்துக்கு இருக்கிறது.

ஆகவே கலியாணம் முடிந்த நாலாம் நாள் நானும் இராசாத்தியும் பெட்டி கட்டி, மகளிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஏறி, இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி, குறுக்கு வழியாக எங்கள் வயலுக்கு நடந்தோம். அது காட்டோரத்து வயல்வெளிகளில் கடைசி வட்டை. அதற்கு அங்கால் யானைதான். யானைக் காவலுக்கென்று போட்ட வாடி ஒன்று அங்கே நிற்கிறது: நாலு கால், ஓலைக்கூரை, உள்ளே ஒரு கட்டில். குருக்கள்மடத்து வீடு கூரை ஏறும்வரை அங்கே இருப்பதென்று முடிவு. மகள் தொலைபேசியில் “நாங்க எப்ப அப்பா வீடு பாக்க வாற?” என்று கேட்பாள். “பெயின்ட் மணம் போகட்டும் புள்ள” என்பேன்.

நாங்கள் அங்கே இருப்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை மூட்டை கட்டி ஊரூராக விற்கும் ஜிப்ரி. அவர் வழிதவறி ஒருநாள் வாடிக்கு வந்துவிட்டார். சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதன்பின் அரிசி, தேயிலை, செய்தி மூன்றும் அவரால்தான் வந்தன.

“ஐயா, அவனுகள் ரெண்டு பேரையும் முதலை திண்டிட்டாம்” என்று ஒருநாள் சொன்னார்.

“எங்க?”

“வாவியில. முதலையையும் பாத்திருக்காங்க. வயிறு பெரிசாம்.”

இரண்டு நாள் கழித்து வந்தபோது முதலை கைவிடப்பட்டிருந்தது. “இந்தியாவுக்குப் போட்டில போயிட்டானுகளாம். ஒருத்தன் அங்க கடையும் போட்டிட்டானாம்.”

“மாடு களவெடுத்தவனுக்குக் கடை போடக் காசு ஆர் குடுத்த?”

“அதத்தான் நானும் கேட்ட. அப்ப அவன் மாட்டுக் கள்ளன் இல்ல, பெரிய ஆள் எண்டு சொல்றாங்க. மாடு சும்மா சாட்டாம்.”

மையத்துக்கு வெளியே தகவல் பதிவுக் கருமபீடம் போட்டிருந்தார்கள். ஆட்கள் காலையிலேயே இலக்கம் எடுத்து வரிசையில் நின்றார்கள். ஆரம்பத்தில் கண்டவர்கள் வந்தார்கள். பிறகு கண்டவர்களைக் கண்டவர்கள் வந்தார்கள். கைதிகளைக் கண்ட ஊருக்குப் பொலிஸ் வாகனம் போக வேண்டும், வாகனம் போவதற்கு வீதியைச் செப்பனிட வேண்டும் என்ற விடயம் வெளியே தெரிந்ததும் வரிசை நீண்டது. பதினாறு வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகளுக்குக் கிரவல் கொட்டப்பட்டது. பக்கத்து ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் நேரில் வந்து முறைப்பாடு செய்தார்.

“சேர், மூண்டு கிழமையா எங்கட ஊரில ஒருக்காக்கூட காணல்ல. அடுத்த ஊரில நாலு தரம் கண்டாச்சு. இது என்ன நியாயம்?”

அவருடைய ஊரிலும் வெள்ளிக்கிழமை ஒரு தடவை காண்பதென்று ஒத்துக்கொள்ளப்பட்டது.

மையத்தின் பொறுப்பதிகாரி உயரமானவர், அமைதியானவர். வாராவாரம் பத்திரிகையாளர் மாநாடு நடத்தினார். ஜிப்ரி தன்னுடைய தொலைபேசியில் அதைப் போட்டுக் காட்டினார்.

“இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு தகவல்கள் கிடைத்துள்ளன” என்றார் பொறுப்பதிகாரி. “அதாவது கைதிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது எனச் சிலர் விமர்சிக்கிறார்கள். தெரியும். அறுநூற்றுப் பத்து இடங்களை நீக்குவது மட்டுமே மீதி வேலை. தேடுதலை எவரும் அவசரப்படுத்த வேண்டாம். அவசரப்பட்டுப் பிடித்தால் மையத்தை மூட வேண்டிவரும். மையத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.”

பிறகு ட்ரோன் வந்தது.

காலை பத்து மணியிருக்கும். நான் வரம்பில் நின்றேன். தலைக்கு மேலே ஒன்று வண்டுபோல இரைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இராசாத்தியும் அரிசி அரித்த சட்டியோடு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். எங்களுடைய குற்றம் அவ்வளவுதான்.

அடுத்தநாள் ஜிப்ரி முகம் வெளிறி வந்தார். தொலைபேசியை நீட்டினார். வாடி, வயல், இரண்டு உருவங்கள். மேலே சிவப்பு எழுத்தில் ‘முதியவர் வேடத்தில் தப்பியோடிய கைதிகள்’ என்று இருந்தது. கீழே ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகள். என்னைப் பற்றி, “கிழவன் இப்பிடி நிமிந்து நிக்க மாட்டான், இவன் பயிற்சி எடுத்தவன்” என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுபத்திரண்டு வயதில் அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

“எங்க, என்னைப் பத்தி என்ன கிடக்கு?” என்றாள் இராசாத்தி.

ஜிப்ரி தயங்கினார். “வேணாம் உம்மா.”

“பறவாயில்ல, வாசிங்க.”

“சாறி கட்டினவன் ஆம்பிள எண்டது நடையில தெரியுதாம். சாறி கட்டத் தெரியாமக் கட்டியிரிக்கானாம்.”

இராசாத்தி சட்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்தாறு வருடம் சேலை கட்டியவள். “அவன்ர பேரென்ன, ஊரென்ன எண்டு கேளுங்க. சாறியக் கட்டிக்கொண்டே போய்க் கேக்கிறன்.”

எங்கள் ஊரவர்களும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் எங்களை அடையாளம் தெரியவில்லை. மேலேயிருந்து எடுத்ததால் மட்டும் அல்ல. “இது நல்லரத்தினத்தார்ர வாடியல்லவா?” என்று ஒருவர் கேட்டாராம். “ஓம், ஆனா அவர் குருக்கள்மடத்தில மாளிகையில இரிக்கார். ஆளில்லாத வாடியெண்டு கள்ளனுகள் புகுந்திட்டானுகள்” என்று மற்றவர் சொன்னாராம். என் வார்த்தைக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டே படத்தை அகற்றிவிடலாம் என்று நினைத்து, சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு மையத்துக்குப் போனேன். வெளியூர் ஆள்போல வரிசையில் நின்றேன். இரண்டரை மணித்தியாலத்தில் என் இலக்கம் வந்தது.

“எங்க கண்டீங்க?” என்றார் கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர்.

“காணல்ல. அந்தப் படத்தில நிக்கிறது அவங்க இல்ல எண்டு சொல்ல வந்தன்.”

“கண்டதுக்குத்தான் படிவம் இரிக்கி ஐயா. காணாததுக்குப் படிவம் இல்ல.”

“சரி, அந்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நல்ல மனிசர்.”

அவர் பேனையை நிமிர்த்தினார். “ஆர் அவங்க?”

நான் சால்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

“தெரியும் எண்டு சொல்றீங்க. ஆரெண்டு சொல்ல மாட்டீங்க. அப்ப மறைச்சு வைச்சிரிக்கிறீங்க.”

“அப்பிடியில்ல, தம்பி...”

“ஐயா, ஒண்டு கண்டதா எழுதுவம். இல்லாட்டி மறைச்சதா எழுதுவம். மூண்டாவது பெட்டி இதில இல்ல.”

எனக்குப் பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார். அவர் ஊரில் இன்னும் மதகு போடவில்லையாம். நான் கைதிகளைத் திருகோணமலைப் பக்கம் கண்டதாக எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன். பொய்க்குக் கையெழுத்து வைத்தது அன்றுதான்.

புதன்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். நூற்றிருபது பேர், இரண்டு மோப்ப நாய்கள், ஒரு அம்புலன்ஸ், எட்டுக் கமரா. எல்லோருக்கும் பின்னால் ஐஸ்கிறீம் வண்டி ஒன்று, பாட்டோடு. வயலை நான்கு பக்கமும் சுற்றி நின்றுகொண்டு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்:

“கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வரவும். ஆயுதங்களைக் கீழே போடவும்.”

இராசாத்தியின் கையில் அகப்பை இருந்தது. அவள் அதைக் கீழே போடவில்லை.

“சொல்லுங்களன், நாம ஆரெண்டு” என்று என் காதுக்குள் சொன்னாள்.

“வாயத் திறக்காத.”

“கள்ளன் எண்டு பிடிக்கப்போறாங்க!”

“பிடிக்கட்டும். கள்ளன் எண்டு சொன்னா நாளைக்குப் பொய்யாப் போயிரும். மகளுக்கு வீடு குடுத்திட்டு வாடியில கிடக்கிறான் எண்டு சொன்னா அது போகாது. சம்பந்தி முகத்தில முழிக்கிறது எப்பிடி? மகளை அந்த வீட்டாக்கள் எப்பிடிப் பாப்பாங்க?”

அவள் உலையை இறக்கி வைத்து, அடுப்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

சந்தேகநபர்களின் முகத்தை மூடுவது சட்டம். எங்கள் இருவர் தலையிலும் படங்குத் துணி போட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. கையைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். உள்ளே எங்களுக்கு முன்னரே ஆட்கள் இருந்தார்கள். மூச்சுச் சத்தமும் ஒரு பெண் இருமுவதும் கேட்டது.

மையத்தில் நீளமான வாங்குப் பலகைகளில் எங்களை வரிசையாக இருத்தினார்கள். துணியின் நெசவுக்குள்ளால் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் துணி போர்த்து இருந்தோம். இரண்டிரண்டு பேராக. எங்கள் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, ட்ரோனைக் காட்டோரத்தாலும் வாவிக்கரையாலும் கொண்டுபோயிருக்கிறார்கள். வாடி, பரண், மாட்டுப்பட்டி, எங்கு பார்த்தாலும் முதியவர் வேடத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

பொறுப்பதிகாரி கமராக்களுக்கு முன் பேசினார். “இரண்டு பேரைத் தேடிச் சென்ற நாங்கள் இருபத்திரண்டு பேரைப் பிடித்துள்ளோம். இது பதினொரு மடங்கு வெற்றி. இவர்களில் எவர் அந்த இருவர் என்பது சிறிய நிர்வாக விடயம்.”

முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, உடம்பெல்லாம் சேறோடு மெலிந்த இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். யானைக்குப் பயந்து சரணடைய வந்தார்களாம். கருமபீடத்தில் அவர்களுக்கு இலக்கம் கொடுத்து, கைதிகள் ஏற்கனவே பிடிபட்டுவிட்டதால் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் போக இடமில்லை. அதனால் அங்கேயே இருந்தார்கள்.

ஆட்களை அடையாளம் காட்ட ஒருவர் வேண்டும். சிவில் பாதுகாப்புக் குழுச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். அவர்தான் என் மருமகன் உதயரூபன்.

எங்கள் தலையிலிருந்து முதலில் துணியை எடுத்தார்கள்.

மருமகன் என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் எல்லாம் ஓடியது: குருக்கள்மடம், பெயின்ட் மணம், தள்ளித் தள்ளிப்போட்ட விருந்து. நான் அவரை நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கண்ணால்கூட எதையும் கேட்கவில்லை.

“இவங்களத் தெரியுமா?” என்றார் பொறுப்பதிகாரி.

“தெரியாது சேர்” என்றார் மருமகன். குரல் நடுங்கவில்லை. “எங்கட பக்கத்து ஆக்கள் இல்ல. நான் ஒருநாளும் கண்டதில்ல.”

என்னுடைய மானத்தைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை பொலிசுக்குப் பொய் சொன்னார். அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில் ஒரு பழக்கம் இருந்தது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பக்கத்தில் இருந்த சோடியின் துணியை எடுத்தார்கள்.

என் சம்பந்தி ஞானமுத்துவும் அவருடைய மனைவி நேசமலரும் இருந்தார்கள்.

கடைக்குட்டி மகளுக்குத் தேற்றாத்தீவு வீட்டைக் கொடுத்துவிட்டு, பட்டணத்தில் அக்கா வீட்டு மேல்மாடியில் இருக்கிறோம் என்று எங்களுக்குச் சொன்னவர்கள். வாவிக்கரையில் ஒரு இறால் வாடியிலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள். நேசமலரின் சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. அவர் எங்களைக் கண்டதும் அந்தக் கரையை மடித்து மறைத்தார்.

“இவங்களத் தெரியுமா?”

உதயரூபன் வாயைத் திறந்து மூடினார். எட்டுக் கமராவும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நேசமலர் தலையை மெதுவாக ஆட்டினார். இல்லையென்று. பிறகு உதட்டை அசைக்காமல் சொன்னார். “தெரியாதெண்டு சொல்லு மனே. சம்பந்தி பாத்துக்கொண்டிரிக்காங்க.”

பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அவர் சொல்லியிருப்பார். பெற்ற தாயைத் தெரியாது என்று எட்டுக் கமராவுக்கு முன்னால் சொல்லியிருப்பார். அதுவும் நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்பதற்காக.

நான் எழும்பினேன்.

“சேர், அந்தத் தம்பியக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. நான் நல்லரத்தினம். இது என்ட மனிசி. இந்தத் தம்பி என்ட மகள்ர மாப்பிள. இவங்க என்ட சம்பந்திமார். குருக்கள்மடத்தில எனக்கு மாளிகை இல்ல. ஜன்னல் மட்டத்துக்குச் சுவர்தான் கிடக்கு. மகளுக்கு வீட்டக் குடுத்திட்டு நாங்க எங்கட வாடியில இரிக்கிறம். நாங்க ஒளிச்சது பொலிசுக்கு இல்ல. இவங்களுக்குத்தான்.”

ஞானமுத்து எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“உங்களுக்கு ஜன்னல் மட்டமெண்டாலும் கிடக்கு, சம்பந்தி. எங்களுக்கு அத்திவாரம்தான்.”

வாங்கின் அந்தத்தில் ஒரு துணி தானாகவே விலகியது. உள்ளே இருந்தவர் எனக்குத் தெரிந்தவர். ஒரு கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். “எங்களுக்கு வெறுங் காணியில கல்லுக் கொண்டுவந்து பறிச்சுக் கிடக்கு. ஒண்டரை வருசம்” என்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு துணி விலகியது. பிறகு மற்றதும். பதினொரு சோடியும் ஊரில் மதிப்பாக வாழ்ந்த மனிதர்கள். எல்லோருக்கும் எங்கோ ஒரு புது வீடு இருந்தது.

“உங்கட மேல்மாடியில காத்து நல்லா வருமெண்டு சொன்னீங்க” என்றாள் இராசாத்தி நேசமலரிடம்.

“வாடியிலயும் வரும்கா. நாலு பக்கத்தாலயும் வரும்.” இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த முடியவில்லை. ஒரு பெண் கொன்ஸ்டபிளும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொறுப்பதிகாரி உடனடியாக அறிக்கை விட்டார். “பிடிக்கப்பட்ட இருபத்திரண்டு பேரும் தங்கள் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து திட்டமிட்டு வெளியேறியவர்கள் என்பதை ஏற்றுக்கொண்டுள்ளனர். இது தண்டனைச் சட்டக்கோவையில் எந்தப் பிரிவில் வருகிறது என்பது ஆராயப்படும்வரை, கண்காணிப்பின் கீழ் அவரவர் மறைவிடங்களுக்கே அனுப்பப்படுகின்றனர்.”

வாசலில் கம்சாயினி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “வீட்ட வாங்கப்பா. இப்பவே வாங்க.”

“குடுத்த வீட்டில திரும்பக் குடியேற ஏலா புள்ள. விருந்துக்குக் கூப்பிடு, வாறம்.”

“கூப்பிட்டா வருவீங்களா?”

“முதல்ல எங்கட விருந்து முடியட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சம்பந்தியைக் கூப்பிட்டேன். “ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு எங்கட வாடியில. கட்டாயம் வரணும்.”

“வராம?” என்றார் ஞானமுத்து. “வாவி இறால் கொண்டு வாறம்.”

பொறுப்பதிகாரி இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்: ஞாயிறு பகல், சந்தேகநபர்கள் ஒன்றுகூடல்.

ஞாயிறு வந்தது. மகளும் மருமகனும் சம்பந்திமாரும் ஜிப்ரியும் வந்தார்கள். வாடிக்குள் இடம் போதாமல் வரம்போரம் பாய் விரித்தோம். இறால் குழம்பு மணம் எழும்பியபோது, காட்டோரத்துப் பற்றைக்குள் யாரோ இருமினார்கள். பார்த்தால் ஆறு பொலிஸ் தொப்பிகள். விடியற்காலையிலிருந்து அங்கே கிடந்திருக்கிறார்கள்.

எங்கள் வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பி எங்களுக்குப் பழக்கம் இல்லை. வாசல் எங்கே இருந்தாலும் அப்படித்தான். நான் பற்றைக்குக் கிட்டப் போய், கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். இராசாத்தி இன்னும் ஆறு இலை வெட்டினாள்.